என்.எம்.ஆர் கருவியில் மாதிரி சரியாகச் சுழலாதபோது

என்.எம்.ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) ஆய்வகத்தில் "சாம்பிள் சுழலவில்லை" என்று ஒருவர் வந்து சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கக்கூடும். மாதிரி உண்மையிலேயே அசையாமல் நிற்கலாம். மாதிரி நன்றாகவே சுழன்றுகொண்டிருந்தும் அந்தச் சுழற்சியைக் கருவி எண்ணத் தவறியிருக்கலாம். அல்லது மாதிரி சுழல்கிறது, கருவியும் எண்ணுகிறது, ஆனால் சுழற்சி தடுமாறுவதால் நிறமாலையில் வரக்கூடாத முகடுகள் வந்திருக்கலாம். இவை மூன்றுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. எது நேர்ந்திருக்கிறது என்று பிரித்தறியாமல் காற்றழுத்தத்தைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் முதலில் செய்யும் தவறு. சுழல மறுக்கும் மாதிரியை அழுத்தத்தால் சுழல வைக்க முயல்வது குழாயையும், சில வேளைகளில் ப்ரோப்பையும் (காந்தத்தின் உள்ளே மாதிரியைச் சூழ்ந்து சமிக்ஞையை வாங்கும் பகுதி) இழப்பதில் போய் முடியும் என்பதால், இந்த வழிகாட்டியில் காற்றழுத்தம் பற்றிய பகுதி வேண்டுமென்றே பின்னால் வருகிறது.

சுழற்சி தேவைதானா?

மாதிரியைச் சுழற்றுவதன் நோக்கம் எளியது. காந்தப்புலம் மாதிரியின் எல்லா இடங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. குழாயைச் செங்குத்து அச்சில் சுழற்றினால், அச்சுக்குக் குறுக்கான திசைகளில் உள்ள புல வேறுபாடுகளை ஒவ்வொரு மூலக்கூறும் மாறிமாறிச் சந்திப்பதால் அவை சராசரியாகிக் கோடுகள் குறுகுகின்றன. 1954-ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் பிளாக் இந்தக் கருத்தை முன்வைத்தார். ஆண்டர்சனும் ஆர்னால்டும் அதே ஆண்டிலேயே சோதனை மூலம் அதைக் காட்டினர். 5 மில்லிமீட்டர் குழாய்களுக்கு வழக்கமான வேகம் வினாடிக்கு 20 சுற்று, அதாவது 20 ஹெர்ட்ஸ். குழாயின் நீளவாக்கில் உள்ள வேறுபாடுகளைச் சுழற்சி தொடுவதே இல்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அவற்றை இசட் வகை ஷிம்களால் (ஷிம்கள் புலத்தைச் சீராக்கும் சிறு மின்சுருள்கள்; இசட் என்பது செங்குத்து அச்சு) மட்டுமே சீராக்க முடியும்.

இன்றைய கருவிகளில் குறுக்குத் திசை ஷிம்கள் மிகவும் மேம்பட்டிருப்பதால், பல ஆய்வகங்கள் சுழற்றாமலேயே அன்றாட நிறமாலைகளை எடுக்கின்றன. இருபரிமாணச் சோதனைகளில் (நிறமாலையை இரண்டு அதிர்வெண் அச்சுகளில் விரிப்பவை) சுழற்சி இருந்தால் மறைமுக அச்சின் திசையில் இரைச்சல் கோடுகள் எழும் என்பதால், அங்கே சுழற்சியை நிறுத்திவிடுவதே முறை. மூலக்கூறு விரவலை அளக்கும் சோதனைகளுக்கும், நுண்ணிய வித்தியாச நிறமாலைகளுக்கும் இது பொருந்தும். தலையில் திருகு வால்வு பொருத்திய காற்றுப்புகாக் குழாய்களின் மேற்பகுதி கனமாகவும் சமச்சீரற்றும் இருப்பதால் அவற்றையும் சுழற்றாமல் விடுவது நல்லது. ஆகவே அவசரமாக ஒரு நிறமாலை வேண்டும், கருவியோ சுழற்ற மறுக்கிறது என்றால், சுழற்சியை நிறுத்திவிட்டு ஷிம்களைச் சரிசெய்து சோதனையை முடித்துக்கொள்ளலாம். பழுதைப் பின்னர் நிதானமாகத் தேடலாம். பழுதைத் தேடும் பொறுமை, காத்திருக்கும் மாதிரி இல்லாதபோதுதான் வாய்க்கும்.

முதல் சோதனை: மாற்றிப் பார்த்தல்

ஒவ்வொரு ஆய்வகத்திலும் நன்றாகச் சுழலும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு குழாயும், குழாயைத் தாங்கிச் சுழலும் ஸ்பின்னரும் தனியே இருக்க வேண்டும். கருவியின் தரச் சோதனைக்காக வைத்திருக்கும், மூடி உருக்கி அடைக்கப்பட்ட குளோரோஃபார்ம் மாதிரி இதற்கு மிகவும் ஏற்றது. சிக்கல் தரும் மாதிரியை வெளியே எடுத்துவிட்டு இந்தச் சோதனை மாதிரியை அதன் சொந்த ஸ்பின்னரோடு உள்ளே இறக்குங்கள். அது சுழன்றால் பழுது கருவியில் இல்லை. கொண்டுவந்த குழாயிலோ ஸ்பின்னரிலோ இருக்கிறது. அது சுழலாவிட்டால் பழுது காற்றிலோ, மாதிரி அமரும் இருக்கையிலோ, எண்ணும் சென்சாரிலோ இருக்கிறது. இரண்டே நிமிடத்தில் தேடலின் பரப்பைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இது.

முதல் பிரிவில் விடை கிடைத்தால், அதாவது பழுது குழாயிலோ ஸ்பின்னரிலோ என்றால், அடுத்ததாக, சிக்கல் தந்த குழாயைச் சோதனை ஸ்பின்னரிலும், சிக்கல் தந்த ஸ்பின்னரில் வேறொரு நல்ல குழாயையும் பொருத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். குழாயையும் ஸ்பின்னரையும் சேர்த்து மாற்றி, கூடவே காற்றழுத்தத்தையும் கொஞ்சம் திருகிவிட்டால், மாதிரி சுழலத் தொடங்கினாலும் எதனால் சுழன்றது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே பழுது திரும்பி வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஒவ்வொரு முறை மாதிரியை இறக்குவதற்கு முன்பும், தூக்கும் காற்று வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்பின்னரைக் கையில் பிடித்தபடியே காந்தத்தின் வாயில் வைத்தால் காற்று அதைத் தாங்குவதைக் கை உணரும். உணர்ந்த பின்பே கையை விட வேண்டும். காற்று இல்லாமல் விழும் குழாய் அடியில் உடைந்தால், இந்த வழிகாட்டியில் உள்ள வேறெந்தப் பழுதும் அதற்கு ஈடாகாது.

குழாயும் ஸ்பின்னரும்

என் அனுபவத்தில் சுழற்சிப் பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஸ்பின்னர் இருக்கையின்மேல் நேரடியாக உராய்ந்து சுழல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதந்தபடி சுழல்கிறது. விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு, சிந்திய கரைப்பான் உலர்ந்து விட்டுச்சென்ற படிவு, ஒரு தூசு இழை ஆகிய எதுவும் அந்தப் படலத்தைக் குலைத்துவிடும். எனவே முதலில் ஸ்பின்னரின் அடிப்புறச் சாய்பரப்பையும் பக்கங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நார் உதிராத தாளால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். அசிட்டோன் சில பிளாஸ்டிக் ஸ்பின்னர்களையும் அவற்றின் மீதுள்ள குறியையும் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. துடைத்த பிறகு ஸ்பின்னரை அதன் மேல் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

துடைத்தபின் வெளிச்சத்தில் ஸ்பின்னரைத் திருப்பிப் பாருங்கள். சாய்பரப்பில் கீறல், விளிம்பில் சில்லு, உடலில் மயிரிழை விரிசல் இருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். ஒட்டிச் சரிசெய்த ஸ்பின்னர் நிறைச் சமநிலையை இழந்திருக்கும். குழாயைப் பிடித்துக்கொள்ளும் ஓ-ரிங் உள்ள ஸ்பின்னர்களில் அது காலப்போக்கில் தேய்ந்தும் இறுகியும் போகும். குழாயைச் செருகும்போது மிதமான, சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிச் சென்றால் சுழற்சியின்போது ஸ்பின்னர் மட்டும் சுற்றக் குழாய் பின்தங்கும். அதைவிட மோசமாக, குழாய் தன் எடையால் கீழே இறங்கிவிடும்.

குழாயின் உயரத்தை எப்போதும் ஆழமானி கொண்டே அமைக்க வேண்டும்; கண்ணளவு இங்கே போதாது. குழாய் அளவுக்கு மீறிக் கீழே இறங்கியிருந்தால் அதன் அடி ப்ரோப்பின் உட்புறத்தில் முட்டும். முட்டிய குழாய் சுழலாது என்பது சிறிய துன்பம். ப்ரோப்பின் உள்ளே உள்ள மெல்லிய கண்ணாடிச் செருகு உடைவது பெரிய துன்பம். மாதிரி குறைவாக இருப்பவர்கள் திரவத்தை, ப்ரோப்பில் சமிக்ஞையை வாங்கும் சுருளின் நடுவில் கொண்டுவருவதற்காகக் குழாயைக் கீழே தள்ளும்போது, ஆழமானி காட்டும் கீழ் எல்லையை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது.

அடுத்து, குழாய் நேராக இருக்கிறதா? ப்ரோப்பின் உள்ளே குழாய்க்கும் சுற்றுச்சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகச் சிறியது. சற்றே வளைந்த குழாய் சுழலும்போது அதன் கீழ்முனை வட்டமடித்துச் சுவரில் உராய்ந்து நிற்கும், அல்லது நின்று நின்று சுழலும். குழாயைச் சமதளக் கண்ணாடித் தகட்டின்மேல் மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேரான குழாய் சீராக உருளும், வளைந்த குழாயின் அடியில் ஒளிக்கீற்று தோன்றித் தோன்றி மறையும். இந்த வளைவு பெரும்பாலும் உலர்த்தும்போதுதான் வருகிறது. சூடான அடுப்பில் நெடுநேரம் சாய்த்து வைக்கப்பட்ட குழாய்கள் தம் எடையாலேயே மெல்ல வளைந்துவிடுகின்றன. குழாய்களைச் சமதளத்தில் படுக்கவைத்து, குறைந்த வெப்பத்தில் அல்லது வெற்றிடத்தில் உலர்த்துங்கள். கழுவும்போது உட்புறத்தில் கம்பித் தூரிகையை விடாதீர்கள். குரோமிக் அமிலமும் வேண்டாம், ஏனெனில் கண்ணாடியில் தங்கும் குரோமியம் காந்தத்தன்மை உடையதாகையால் கோடுகளையே அகலமாக்கிவிடும்.

சமநிலையைக் கெடுக்கும் சிறு பொருள்களையும் கவனிக்க வேண்டும். பெயர் எழுதிய காகிதத் துண்டைக் குழாயின் தலையில் கொடி போல ஒட்டுவது பரவலான வழக்கம். வினாடிக்கு 20 முறை சுற்றும்போது அந்தக் கொடி காற்றைப் பிடித்து ஆட்டத்தை உண்டாக்கும். பெயரைக் குழாயின் மேற்பகுதியில் பேனாவாலேயே எழுதலாம். ஒட்டுத்தாள் வேண்டுமென்றால் குழாயை முழுவதும் சுற்றி, முனை தூக்கி நிற்காமல் ஒட்டலாம். மூடியைச் சுற்றித் தடிமனாகச் சுற்றப்பட்ட பாராஃபிலிம், பொருந்தாத மூடி, விளிம்பு உடைந்த குழாய் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

திரவத்தின் அளவும் சுழற்சியோடு தொடர்புடையது. 5 மில்லிமீட்டர் குழாயில் சுமார் 0.6 மில்லிலிட்டர் என்ற வழக்கமான அளவு இருந்தால் 20 ஹெர்ட்ஸில் எந்தத் தொல்லையும் வருவதில்லை. 10 மில்லிமீட்டர் போன்ற அகலக் குழாய்களில் திரவத்தின் நடுவே சுழிப்பள்ளம் விழுந்து சுருளின் பகுதிவரை இறங்கக்கூடும். அப்படி இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது திரவத்தின்மேல் அமரும் சுழியடக்கி அடைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

எண்ணுவது எது?

சோதனை மாதிரியும் சுழலவில்லை என்று திரை சொன்னால், திரையை உடனே நம்பிவிடாதீர்கள். சுழற்சியை எண்ணுவது ஓர் ஒளி உணர்வு அமைப்பு. ஸ்பின்னரின் மீதுள்ள கறுப்பு–வெள்ளைக் குறி கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும், திரும்பி வரும் ஒளியின் அளவு மாற, கருவி அதை ஒரு சுற்றாகக் கணக்கிடுகிறது. குறி தேய்ந்திருந்தாலும், ஒளி செல்லும் துளையில் தூசு படிந்திருந்தாலும், ஒளியைக் கொண்டுசெல்லும் இழை தன் இணைப்பிலிருந்து நழுவியிருந்தாலும் எண்ணிக்கை சுழியமாகும், அல்லது எகிறிக் குதிக்கும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி லாக் சமிக்ஞை, அதாவது காந்தப்புலம் நகராமல் காக்கக் கருவி தொடர்ந்து கவனிக்கும் டியூட்டீரியம் சமிக்ஞை. சுழற்சியை நிறுத்தியும் தொடங்கியும் பார்க்கும்போது லாக் அளவு மாறினால் மாதிரி சுழல்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், எக்ஸ் ஷிம்மைச் சிறிது கெடுத்துவிட்டு ஒரு புரோட்டான் நிறமாலை எடுங்கள். முதன்மை முகட்டின் இருபுறமும் சமதூரத்தில் பக்கப்பட்டைகள் (சுழற்சியால் உண்டாகும் சிறு முகடுகள்) எழுந்தால் மாதிரி சுழல்கிறது என்பது மட்டுமல்ல, அந்தத் தூரமே உண்மையான வேகத்தையும் ஹெர்ட்ஸில் சொல்லிவிடும். சோதனைக்கு முன் ஷிம் மதிப்புகளைச் சேமித்துக்கொள்ள மறக்க வேண்டாம். ஒருமுறை சுழற்சி எண் சுழியம் என்று காட்டிய கருவியில் நான் இரண்டு நாள்கள் காற்றுக் குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். மாதிரி முழு நேரமும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஸ்பின்னரில் இருந்த கறுப்புக் குறி பலமுறை துடைக்கப்பட்டதால் வெளுத்துப் போயிருந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கப்பட்டைச் சோதனையைச் செய்யாமல் எந்த இணைப்பிலும் நான் கைவைப்பதில்லை.

எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டினால் குறியின் அமைப்பைப் பாருங்கள். ஒரு கருவிக்கான ஸ்பின்னரை வேறு கருவியில் பயன்படுத்தினால், ஒரு சுற்றுக்கு எத்தனை முறை ஒளி மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொருந்தாமல் போகும்.

காற்று

மாதிரி உண்மையிலேயே நிற்கிறது, குழாயும் ஸ்பின்னரும் குற்றமற்றவை என்று நிறுவிய பிறகே காற்றுக்கு வர வேண்டும். சில கருவிகளில் ஸ்பின்னரை மிதக்கவைக்கும் தாங்கு காற்றும் அதைச் சுற்றவைக்கும் காற்றும் தனித்தனியே வருகின்றன. வேறு சிலவற்றில் ஒரே ஓட்டம் இரண்டு வேலைகளையும் செய்கிறது. உங்கள் கருவி எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தாங்கு காற்று தனியே உள்ள கருவியில் அது குறைவாக இருக்கும்போது சுழற்று காற்றை எவ்வளவு கூட்டினாலும் ஸ்பின்னர் இருக்கையில் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கம்ப்ரஸரிலிருந்து கருவி வரை காற்று செல்லும் பாதையை வரிசையாகப் பின்தொடருங்கள். கம்ப்ரஸரின் அழுத்தமானி, உலர்த்தி, வடிகட்டிகள், கருவிக்கு முன்னுள்ள அழுத்தச் சீராக்கி என்ற வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் இன்றைய அழுத்தத்தை, கருவி நன்றாக இயங்கிய நாளில் குறித்துவைத்த அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். மாதிரி இயங்காதபோது அழுத்தம் சரியாக இருந்து, மாதிரியைத் தூக்கும்போது மட்டும் சரிந்தால் வடிகட்டி அடைபட்டிருக்கிறது, அல்லது அதே காற்றைப் பங்கிடும் வேறொரு கருவி அந்நேரத்தில் இழுக்கிறது. சுழற்சி வேகம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்றால், அந்த இடைவெளியைக் கம்ப்ரஸர் ஓடி நிற்கும் இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்றில் ஈரமோ எண்ணெயோ வருவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழுது. வடிகட்டிக் கிண்ணத்தில் நீரோ பழுப்பு நிறப் பிசுக்கோ தெரிந்தால் மாதிரியை உடனே வெளியே எடுத்துவிட்டு, காற்று சீராகும் வரை கருவியை நிறுத்திவைப்பது நல்லது. ஈரமும் எண்ணெயும் ஒருமுறை ப்ரோப்பின் உள்ளே சென்று படிந்தால், கம்ப்ரஸரைச் சரிசெய்த பிறகும் சுழற்சி சரியாகாது.

தூக்கும் காற்றின் வால்வு முழுவதும் மூடாமல் கசிந்தால் ஸ்பின்னர் இருக்கையில் அமராமல் சற்றே மேலே மிதக்கும். வெப்பக் கட்டுப்பாட்டு வாயுவின் ஓட்டம் அளவுக்கு மீறினாலும் இதேதான் நடக்கும், ஏனெனில் அந்த வாயு குழாயின் அடியிலிருந்து மேல்நோக்கி வருகிறது. இந்த இரண்டுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: சுழற்சியோடு சேர்ந்து ஷிம்மும் கெடும், லாக் அளவு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும், ஏனென்றால் மாதிரி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. வாயு ஓட்டத்தைச் சிறிது குறைத்துப் பாருங்கள். ஆனால் வெப்பமூட்டி இயங்கும்போது ஓட்டத்தை நிறுத்தக்கூடாது; குளிரூட்டப்பட்ட சுருள்கள் உள்ள ப்ரோப்பில் எந்நேரத்திலும் நிறுத்தக்கூடாது, அங்கே மாதிரியை உறையாமல் காப்பதே அந்த வாயு ஓட்டம்தான்.

இருக்கையும் காந்தத்தின் நடுத்துளையும்

காற்றும் சரியாக இருக்கிறது, ஆனாலும் சோதனை மாதிரியும் சுழலவில்லை என்றால் இருக்கையில் ஏதோ கிடக்கிறது. மாதிரியை வெளியே எடுத்துவிட்டு, காந்தத்தன்மையற்ற விளக்கின் ஒளியை நடுத்துளைக்குள் செலுத்தி மேலிருந்து பாருங்கள். கழன்று விழுந்த ஒட்டுத்தாள், பாராஃபிலிம் துணுக்கு, மூடியின் சிதறல், கண்ணாடித் துகள் ஆகியவை அங்கே தென்படுவதுண்டு. சாதாரணக் கைவிளக்கையோ எஃகு இடுக்கியையோ காந்தத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. மேலிருந்து குச்சியை விட்டுத் துழாவுவதும் கூடாது. துணுக்கை இன்னும் ஆழமாக ப்ரோப்பின் உள்ளே தள்ளிவிடும் வாய்ப்பே அதிகம்.

தூக்கும் காற்றை முழு அளவில் சில முறை திறந்து மூடினால் தாள் போன்ற இலேசான பொருள்கள் தாமே மேலே வந்துவிடும். முகத்தைத் துளைக்கு நேராக வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்யுங்கள். கண்ணாடி உடைந்திருப்பதாகத் தெரிந்தால் காற்றை ஊதக்கூடாது. துகள்கள் எல்லாப் பக்கமும் பரவும். அந்நிலையில் கருவியின் பொறுப்பாளரை அழைத்து, ப்ரோப்பைக் கீழிருந்து கழற்றி, மாதிரி இறங்கும் மேல் உருளையைத் தனியே எடுத்துச் சுத்தம் செய்வதே ஒரே வழி. மீண்டும் பொருத்தும்போது ப்ரோப் முழுவதும் மேலேறி அதன் திருகுகள் சீராக முடுக்கப்பட்டிருக்க வேண்டும். ப்ரோப் கழற்றி மாட்டிய மறுநாளே சுழற்சிப் பழுது தொடங்கியிருந்தால், ப்ரோப்பும் மேல் உருளையும் ஒரே அச்சில் இல்லை என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

வெப்பநிலை மாறும்போது

அறை வெப்பத்தில் ஒழுங்காகச் சுழலும் மாதிரி குளிரில் நின்றுவிட்டால் பெரும்பாலும் காரணம் பனி. குளிர்ந்த வாயு நைட்ரஜனாகவே இருந்தாலும், சுழற்றவும் தூக்கவும் வரும் காற்றில் ஈரம் இருந்தால் அது இருக்கையின் விளிம்பில் உறையும். நீண்ட நேரக் குளிர்ச் சோதனைகளுக்கு அந்தக் காற்றுக்கும் உலர்ந்த நைட்ரஜனைப் பயன்படுத்துவதும், மாதிரி மாற்றும் நேரத்தைச் சுருக்குவதும், காந்தத்தின் வாயை மூடிவைப்பதும் பனியைத் தடுக்கும். பனி படிந்துவிட்டால் வலிந்து சுழற்றாமல், அறை வெப்பத்துக்கு மெல்லத் திரும்பி, உலர்ந்த வாயுவை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். உயர் வெப்பத்தில் பிளாஸ்டிக் ஸ்பின்னர் விரிந்து இருக்கையில் இறுகலாம், குழாயின் பிடியும் தளரலாம். ஒவ்வொரு ஸ்பின்னருக்கும் தயாரிப்பாளர் குறித்துள்ள வெப்ப வரம்புக்கு அப்பால் செல்வதானால் பீங்கான் ஸ்பின்னரே பொருத்தமானது.

சுழல்கிறது, ஆனால் நிறமாலை சரியில்லை

இங்கே முதல் கேள்வி, நீங்கள் காணும் சிறு முகடுகள் உண்மையில் சுழற்சிப் பக்கப்பட்டைகள்தாமா என்பது. பக்கப்பட்டைகள் முதன்மை முகட்டிலிருந்து சுழற்சி வேகத்தின் முழு மடங்குகளில் இருபுறமும் அமையும். வேகம் 20 ஹெர்ட்ஸ் என்றால் அவை 20, 40, 60 ஹெர்ட்ஸ் தூரத்தில் வரும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் முதல் இணை 0.05 பி.பி.எம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) தள்ளி நிற்கும். நிறமாலையின் பெரிய முகடுகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் அதே விகிதத்தில் அவை தோன்றும்.

இவற்றோடு எளிதில் குழம்பக்கூடியவை கார்பன்-13 துணைமுகடுகள், அதாவது மாதிரியில் சிறு பங்காக உள்ள கார்பன்-13 அணுக்களோடு பிணைந்த ஹைட்ரஜனால் வரும் முகடுகள். குளோரோஃபார்மின் துணைமுகடுகள் முதன்மை முகட்டிலிருந்து சுமார் 104.5 ஹெர்ட்ஸ் தள்ளி, ஒவ்வொன்றும் முதன்மை முகட்டில் 0.55 விழுக்காட்டு உயரத்தில் இருக்கும். ஒப்பீட்டுச் சேர்மமான டெட்ராமெத்தில்சிலேனில் அந்தத் தூரம் ஏறத்தாழ 59 ஹெர்ட்ஸ். 20 ஹெர்ட்ஸ் சுழற்சியின் மூன்றாம் பக்கப்பட்டை 60 ஹெர்ட்ஸில் விழுவதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்துவிடும். மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இதே பகுதியில் பக்க முகடுகளை உண்டாக்கும். வேகத்தை 20-லிருந்து 17-க்கு மாற்றி மீண்டும் ஒரு நிறமாலை எடுங்கள். இடம் மாறுபவை சுழற்சியால் வந்தவை. இடம் மாறாதவற்றில் கார்பன் துணைமுகடுகள் வேதியியலுக்கு உரியவை, மற்றவை மின்சாரத்துக்கோ தரையதிர்வுக்கோ உரியவை.

சுழற்சிப் பக்கப்பட்டைகள்தாம் என்று உறுதியானால், எத்தனையாவது இணை உயரமாக இருக்கிறது என்று பாருங்கள், ஏனெனில் எந்த ஷிம் கெட்டிருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். முதல் இணை ஓங்கியிருந்தால் எக்ஸ், ஒய், அவற்றோடு இசட் சேர்ந்த எக்ஸ்-இசட், ஒய்-இசட் ஆகியவற்றைத் திருத்த வேண்டும். இரண்டாம் இணை ஓங்கியிருந்தால் எக்ஸ்-ஒய்யும், எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒய் வர்க்கம் கழித்த ஷிம்மும் காரணமாகும். இவற்றைத் திருத்தும்போது சுழற்சி நின்றிருக்க வேண்டும். சுழலும் மாதிரியில் இவற்றின் விளைவு சராசரியாகி மறைந்துவிடுவதால் லாக் அளவு எந்த வழியும் காட்டாது. சுழற்சியை நிறுத்திக் குறுக்கு ஷிம்கள், பிறகு சுழற்றி இசட் வரிசை, மீண்டும் நிறுத்திக் குறுக்கு ஷிம்கள் என்று இரண்டு மூன்று முறை மாறிமாறிச் செய்தால் முதல் இணை முதன்மை முகட்டின் 1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

அப்படியும் இறங்காவிட்டால் குழாயை மாற்றிப் பாருங்கள். உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் அமையாத மலிவான குழாய், எவ்வளவு நல்ல ஷிம்மிலும் சுழலும்போது, சுருள் சமிக்ஞையை ஏற்கும் அளவைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டே இருக்கும். அதை எந்த ஷிம்மாலும் திருத்த முடியாது. வேகத்தைக் கூட்டினால் பக்கப்பட்டைகள் தள்ளிப்போய்ச் சிறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் 30 ஹெர்ட்ஸை நெருங்கும் வேகத்தில் தள்ளாட்டம் கூடுகிறது. இடைஞ்சலான ஒரு முகட்டை நகர்த்துவதற்காக வேகத்தை ஓரிரு ஹெர்ட்ஸ் மாற்றுவது வேறு, ஷிம்மின் குறையை வேகத்தால் மறைப்பது வேறு.

திண்ம மாதிரிகள்

திண்மங்களைச் சாய்ந்த அச்சில் மிக வேகமாகச் சுழற்றும் மாய கோணச் சுழற்சியில் எல்லாமே இன்னும் கடுமையாகின்றன. காந்தப்புலத்துக்கு 54.74 டிகிரி சாய்வில், 4 மில்லிமீட்டர் சிர்கோனியா ரோட்டார் (மாதிரியை நிரப்பும் சிறு உருளை) 15 கிலோஹெர்ட்ஸ் வரையும், 1.3 மில்லிமீட்டர் ரோட்டார் 67 கிலோஹெர்ட்ஸ் வரையும் சுழல்கிறது. அந்த உச்ச வேகத்தில் 1.3 மில்லிமீட்டர் ரோட்டாரின் மேற்பரப்பு வினாடிக்கு சுமார் 270 மீட்டர் விரைகிறது. இங்கே சமநிலையின்மை ரோட்டாரைச் சிதறடிக்கும். ப்ரோப்பின் தாங்கிகளும் சேர்ந்து போகும்.

தொடக்க வேகத்திலேயே ரோட்டார் நடுங்கினால் வெளியே எடுத்து மீண்டும் நிரப்புவதுதான் முறை. மாதிரியை நன்றாகப் பொடித்து, சிறிது சிறிதாக இட்டு ஒவ்வோர் அடுக்கையும் சமமாக அழுத்துங்கள். மூடி முழுவதும், சாயாமல் உட்கார வேண்டும். அதன் இறக்கைகளில் ஒன்று உடைந்திருந்தாலும் அந்த மூடி பயன்படாது. ரோட்டாரின் வெளிப்புறத்தில் ஒட்டிய பொடியைத் துடைத்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் விரிசலைத் தேடுங்கள். அடி விளிம்பின் பாதியில் உள்ள கறுப்புக் குறி மங்கியிருந்தால் நிரந்தர மையால் புதுப்பியுங்கள், வேகம் எண்ணப்படுவது அதைக் கொண்டுதான். தாங்கு காற்று நிலைபெற்ற பிறகே இயக்கு காற்றைத் திறந்து, படிப்படியாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எண் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பின்பே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஈரப்பசையுள்ள மாதிரி சுழற்சியில் கசியும். உலோகத் துகள் போன்ற மின்கடத்தும் மாதிரி காந்தப்புலத்தில் சுழலும்போது சுழல் மின்னோட்டத்தால் சூடாகி, வேகத்துக்கு எதிராக இழுக்கும். அத்தகைய மாதிரியைக் கடத்தாத பொடியோடு கலந்து நிரப்பலாம்.

பொறியாளரை அழைக்கும்போது

மேற்கண்ட எல்லாம் செய்தும் பழுது தீராவிட்டால், அழைப்பதற்கு முன் சில விவரங்களைத் தாளில் எழுதிவையுங்கள்: சோதனை மாதிரி சுழன்றதா, எந்த ஸ்பின்னரில், கம்ப்ரஸரிலும் கருவியின் வாயிலிலும் அழுத்தம் எவ்வளவு, வெப்பக் கட்டுப்பாட்டு வாயுவின் ஓட்டம் எவ்வளவு, லாக் அளவு சுழற்சியோடு மாறுகிறதா, திரையில் தெரியும் வேகமும் பக்கப்பட்டையின் தூரமும் ஒத்துப்போகின்றனவா, ப்ரோப் கடைசியாக எப்போது கழற்றப்பட்டது. இந்த விவரங்கள் கையில் இருந்தால், தொலைபேசியிலேயே பழுது எந்தப் பகுதியில் என்று பொறியாளரால் சொல்லிவிட முடியும். தேவையான உதிரிப்பாகத்தையும் அவர் முதல் முறையிலேயே கொண்டுவருவார்.